தலையாரி: ஒரு காவற்சொல்லின் பொருளும் தோற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

ஊர்க்காவல் புரிபவரைக் குறிக்கும் 'தலையாரி' என்னும் சொல், 'தலை' என்னும் பெயரடியாகத் தமிழிலேயே தோன்றியது என்பது பரவலாக நிலவும் கருத்தாகும். இக்கட்டுரை அச்சொல்லின் வழக்கைச் சங்க நூல்கள், கல்வெட்டுகள், பிராகிருத ஆவணங்கள், கன்னட தெலுங்கு வடிவங்கள், ஆங்கிலேயர் கால ஆவணங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. அதன் முதற்கூறு திராவிடச் சொல்லாயினும், முழுச்சொல் பிற மொழிகளில் உருப்பெற்றுப் பின்னர்த் தமிழுக்கு வந்து தமிழ் வடிவம் பெற்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. உயர்பதவிப் பெயராக இருந்த சொல் ஊர்ப்பணியாளரின் பெயராகப் பொருள் இறங்கிய வரலாற்றைக் காங்கேயம் பகுதியின் பதவிப்பெயர்களோடு இணைத்து விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தலையாரி, காவல், பாடிகாவல், தலவர, பட்டக்காரர், சொற்பிறப்பியல், காங்கேயம்.

முன்னுரை

காங்கேயம் வட்டார ஊர்களில் கிராம நிர்வாக அலுவலருக்குத் துணையாக இருப்பவரை அரசு ஆவணங்கள் 'கிராம உதவியாளர்' என்று குறிப்பிடுகின்றன. மக்கள் பேச்சிலோ அவர் இன்றும் 'தலையாரி'யே. பின்னலாடை ஆலைகளிலும் அரிசி ஆலைகளிலும் தேங்காய் உலர்களங்களிலும் காவலிருப்பவரை அதே மக்கள் 'வாட்ச்மேன்' என்றோ 'செக்யூரிட்டி' என்றோ அழைக்கின்றனர். தலையாரி என்று அழைப்பதில்லை. காவல் என்னும் பொருளில் வந்த சொல், காவல்தொழில் பெருகியுள்ள இடத்தில் அத்தொழிலைக் குறிக்காமல், காவற்பணி பெரிதும் நீங்கிவிட்ட ஒரு பதவியைக் குறித்து நிற்கிறது. இம்முரணை விளக்க அச்சொல்லின் தோற்றத்தையும் பயணத்தையும் அறிதல் வேண்டும்.

இச்சொல்லின் தோற்றம் பற்றிய முடிவு சமூக வரலாற்று எழுத்துக்கும் இன்றியமையாதது. 'தலை' என்னும் முதற்கூற்றைக் கொண்டு, தலையாரி ஒரு காலத்தில் ஊர்த்தலைவராக இருந்தவர் என்று முடிவு கூறுவதும், இன்றைய பணிநிலையைக் கொண்டு அப்பதவி என்றும் கீழ்நிலையிலேயே இருந்தது என்று கொள்வதும் ஆய்வுலகில் காணப்படுகின்றன. இவ்விரண்டும் ஒரு சொல்லின் தோற்றத்தை ஒரு பதவியின் வரலாறாக மாற்றிக்கொள்வதால் நேர்வன.

பழந்தமிழில் காவற்சொற்கள்

தமிழில் காத்தலைக் குறிக்கும் அடிச்சொல் 'கா' என்பதாகும். காப்பு, காவல், காவலன், காவலர், காப்பாளர் ஆகிய அனைத்தும் இதன் வழிப்பட்டன. கன்னடத்தில் 'காய்', 'காவலு' எனவும், தெலுங்கில் 'காசு', 'காவலி' எனவும், மலையாளத்தில் 'காக்குக' எனவும் இனச்சொற்கள் வழங்குவதால் இவ்வடி திராவிட மொழிகளின் பொதுச்சொத்து என்பது தெளிவு. இதனுடன் 'ஏமம்', 'கடி' ஆகிய சொற்களும் காவற்பொருளில் வழங்கின. 'கடி' என்னும் உரிச்சொல்லின் பல பொருள்களுள் காப்பும் ஒன்று எனத் தொல்காப்பிய உரியியல் கூறுகிறது. பகைவர் அணுகாது காக்கப்பட்ட மரம் 'கடிமரம்' எனப்பட்டதும் இப்பொருளிலேயே.

இரவுக்காவல் பற்றிய செய்திகள் சங்க நூல்களில் நிரம்ப உள்ளன. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மழை பெய்யும் நள்ளிரவிலும் சோர்வின்றித் திரிந்து கள்வரைத் தேடும் மதுரை நகரின் ஊர்க்காப்பாளரைக் காட்டுகிறது. களவு பற்றிய நூலறிவும் துணிவும் உடையவர்களாக அவர்கள் அங்குப் பேசப்படுகின்றனர். முல்லைப்பாட்டு, பாசறையில் மன்னனைச் சூழ்ந்து காக்கும் முதியோரின் பணியை 'ஏமம்' என்னும் சொல்லால் குறிக்கிறது. குறுந்தொகை 375ஆம் பாடலில் யாமங்காவலர் இடம்பெறுகின்றனர்.

இவ்வழக்குகளிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, காவற்சொல் நாடாளும் மன்னனுக்கும் நள்ளிரவில் தெருவில் திரியும் காப்பாளனுக்கும் பொதுவாக இருந்தது. 'காவலன்' என்பது அரசனைக் குறிக்கும் பெயராகத் திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரத்திலும் ஆளப்படுகிறது. இரண்டாவது, இத்துணைக் காவற்சொற்கள் வழங்கிய சங்க இலக்கியத்தில் 'தலையாரி' என்னும் சொல் இல்லை. ஊர்க்காவல் என்னும் பணி இருந்தது. அதற்கு உரிய சொற்களும் இருந்தன. இச்சொல் மட்டும் இல்லை. காவலைக் குறிக்கத் தமிழ் பிறிதொரு சொல்லை நாடவேண்டிய தேவை அக்காலத்தில் எழவில்லை எனலாம்.

கல்வெட்டுகளில் ஊர்க்காவல்

சோழர் காலக் கல்வெட்டுகளிலும் காவல் அடியே ஆட்சி செலுத்துகிறது. ஊர்க்காவலைக் குறிக்கும் சொல்லாக 'பாடிகாவல்' வழங்கியது. குடியிருப்பைக் குறிக்கும் 'பாடி'யோடு 'காவல்' சேர்ந்த இத்தொடர், காவற்பணியையும் அப்பணிக்காகக் குடிகள் செலுத்திய கடமையையும் ஒருங்கே சுட்டியது. தஞ்சைப் பெரிய கோயிலின் காவலுக்கு ஊர்ச்சபைகள் அனுப்பவேண்டிய பணியாளரை முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் 'திருமெய்காப்பு' என்று குறிக்கின்றன. கோயிற்பணியாளருள் ஒருவரை 'மெய்க்காவல்' என அழைக்கும் இன்றைய வழக்கு இதன் தொடர்ச்சி எனலாம்.

பிற்காலத்தில் பாடிகாவல் விற்கவும் வாங்கவும் தக்க உரிமையாயிற்று. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில், ஊரவர் தம் ஊரைக் காக்கும் உரிமையைக் குறுநிலத் தலைவர்க்கு அளித்து, அதற்கு ஈடாக விளைச்சலில் பங்கு கொடுக்க உடன்பட்ட செய்திகள் உள்ளன. காவல் இங்கே ஏவலாளின் தொழிலாக இல்லை. அதிகாரத்தின் ஊற்றாக இருக்கிறது.

விசயநகரக் காலக் கல்வெட்டுகளில் ஒரு புதிய வரிப்பெயர் தோன்றுகிறது. அது 'தலையாரிக்கம்' என்பதாகும். ஊர்க்காவலனைப் பேணுவதற்காகத் தண்டப்பட்ட இவ்வரியை, விசயநகர ஆட்சிமுறை பற்றிய தம் 1940ஆம் ஆண்டு நூலில் தி. வை. மகாலிங்கம் விளக்கியுள்ளார். பாடிகாவல் என்னும் பழைய பெயரும் அக்காலத்தில் மறையவில்லை, இரண்டும் உடன்வழங்கின. ஒரு பணிக்குப் பழைய தமிழ்ப்பெயர் நிலைத்திருக்கும்போதே புதுப்பெயர் ஒன்று வரிப்பட்டியலில் நுழைவது, ஆட்சிமொழி வழியாக அப்பெயர் வந்ததைக் காட்டும் குறிப்பாகும். விசயநகர அரசின் ஆட்சியில் கன்னடமும் தெலுங்கும் பெற்றிருந்த இடம் இங்கு நினைக்கத்தக்கது.

தமிழுக்கு வெளியே இச்சொல்லின் வடிவங்கள்

தெலுங்கில் இச்சொல் 'தலாரி' என வழங்குகிறது. கன்னடத்தில் 'தலவார', 'தளவார', 'தலார' ஆகிய வடிவங்கள் உள்ளன. அனைத்தும் ஊர்க்காவலனையே குறிக்கின்றன. தெலுங்கில் தூக்கிலிடுபவன் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. கருநாடகத்தில் இப்பெயர் ஒரு சமூகத்தின் பெயராகவும் நிலைத்துள்ளது. 2020ஆம் ஆண்டில் 'தளவார' என்னும் பெயர் அம்மாநிலப் பழங்குடியினர் பட்டியலில் நாயக்கர் பிரிவின் இணைப்பெயராகச் சேர்க்கப்பட்டது.

மிகத் தொன்மையான சான்றுகள் பிராகிருதத்தில் கிடைக்கின்றன. நாகார்சுனகொண்டாவின் இக்குவாகு மரபுக் கல்வெட்டுகள் கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் 'மகாதலவர' என்னும் பட்டம் 'மகாசேனாபதி' என்னும் பட்டத்தோடு சேர்ந்து வருகிறது. மன்னன் சாந்தமூலனின் உடன்பிறந்தாளான சாந்திசிரியின் கணவர் இவ்விரு பட்டங்களையும் தாங்கியவர். அரச குடும்பத்தில் மணவுறவு கொண்ட உயர்குடியினரே மகாதலவரர் என்பது இதனால் விளங்கும். பசாடு என்னும் பழைய வைசாலியில் 1903–04இல் நிகழ்ந்த அகழாய்வில் கிடைத்த முத்திரை ஒன்றில் 'தரவர' என்னும் பட்டம் வாயிற்காவல் தலைமைக்குரிய 'மகாபிரதீகார' என்பதை அடுத்து நிற்கிறது. சமண ஆகம நூல்களில் அரசர்க்கு அடுத்த நிலையினரின் பட்டியலில் 'தலவர' இடம்பெறுகிறது. அரசன் மகிழ்ந்தளித்த பட்டத்தை நெற்றியில் அணிந்தவன் என்று உரையாசிரியர்கள் இதற்குப் பொருள் கூறுவர்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டினரான ஏமசந்திரர், வடமொழியிலிருந்து வருவிக்க இயலாத சொற்களைத் தொகுத்த தேசிநாமமாலையில் 'தலார' என்பதை நகர்க்காவலன் என்னும் பொருளில் சேர்த்துள்ளார். மேவாரின் சீர்வா கல்வெட்டு (1273) வழிவழியாக 'தலாரட்ச' பதவி வகித்த குடும்பம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. 'தலார' என்பதன் இறுதிப்பகுதியை 'ஆரட்ச' (காவல்) எனக் கொண்டு வடமொழியாக்கியதன் விளைவே 'தலாரட்ச' என்னும் வடிவம்.

சொற்பிறப்பு: மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம், இச்சொல்லை 'ஸ்தல' என்னும் வடசொல்லோடு இணைப்பதாகும். தென்மாவட்டங்களில் 'ஸ்தலகாவல்', 'தேசகாவல்' என்னும் காவல் வகைகள் இருந்தமை இதற்குத் துணையாகக் கொள்ளப்படலாம். ஆனால் வடமொழி 'ஸ்தல' பிராகிருதத்தில் மூச்சொலியுடைய தகரத்தைப் பெறும். 'தலவர' என்பதன் முதலெழுத்து மூச்சொலியற்றது. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு புலப்படாது. பிராகிருத ஆவணங்களில் புலப்படும். ஆதலின் இவ்விளக்கம் பொருந்தாது.

இரண்டாவது, வாளைக் குறிக்கும் 'தரவாரி' என்பதோடு இணைத்து வாளேந்தியவன் எனக் கொள்வதாகும். வைசாலி முத்திரையின் ரகர வடிவம் இதற்கு இடந்தருவதுபோல் தோன்றும். எனினும் பழைய கல்வெட்டு வடிவங்களில் மூன்றாம் அசை குறிலாகவே உள்ளது. கருவிப்பெயரே மாற்றமின்றிப் பதவிப்பெயராகும் முறையும் விளக்கம் வேண்டி நிற்கிறது.

மூன்றாவது, திராவிடத் 'தலை'யோடு இணைப்பதாகும். நாகார்சுனகொண்டாக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஃபோகல், 'தலவர' என்பது ஒரு திராவிட மொழியிலிருந்து பெறப்பட்டிருக்கலாம் எனக் கருதி, தமிழ்த் தலையாரியையும் கன்னடத் தலவாரவையும் ஒப்புநோக்கினார். தெலுங்குப் பகுதியில் இப்பட்டம் செல்வாக்குடன் வழங்கியதும், ஏமசந்திரர் இதைத் தேசிச்சொல்லாகக் கொண்டதும், தலைமைப்பொருள் பழைய சான்றுகளில் தெளிவாக இருப்பதும் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. மூன்றனுள் இதுவே ஏற்கத்தக்கது.

இதனைக் கொண்டு, தலையாரி என்னும் முழுச்சொல் தமிழில் ஆக்கப்பட்டது என முடிவுசெய்தல் கூடாது. முதற்கூறு திராவிடமாதல் வேறு; சொல்லாக்கம் தமிழில் நிகழ்தல் வேறு.

'ஆரி' என்னும் இறுதி

தலை + ஆர் + இ எனப் பிரித்து, உயர்வுப்பன்மை ஈற்றோடு இகரம் சேர்ந்தது என விளக்குவதுண்டு. ஆயின் 'ஆர்' ஈற்றின்மேல் இகரம் பெற்று ஒருவரைக் குறிக்கும் பெயர் அமைவது தமிழ் மரபன்று. ஊரார், நாட்டார், தந்தையார் என்பனவே உண்டு. ஊராரி, நாட்டாரி என்பன இல்லை. 'தலை' அடியாகத் தமிழ் ஆக்கிக்கொண்ட சொற்கள் தலைவன், தலைவர், தலைமகன் போல்வன.

இதற்கு மாறாக, அதிகாரி, பண்டாரி ஆகிய பதவிப்பெயர்களை நோக்கலாம். இவற்றுள் 'ஆரி' தனி விகுதியன்று. அதிகாரம், பண்டாரம் என்னும் அடிகளிலேயே 'ஆர்' உள்ளது. இகரம் மட்டுமே சேர்கிறது. தலையாரியையும் இவ்வகையில் வைத்தால் அடி 'தலார' என்பதும், இகரம் சேர்ந்த வடிவம் 'தலாரி' என்பதும் விளங்கும். தெலுங்கு வடிவம் இதுவே.

'தலவார' என்பது 'தலார' ஆனதற்கும் ஒப்புமைகள் உண்டு. 'கும்பகார' என்பது 'கும்பார' எனவும், 'பாண்டாகார' என்பது 'பண்டார' எனவும் இடைமெய் கெட்டு உயிர்கள் இணைந்தன. தலவார > தலார என்பதும் அந்நெறியில் அடங்கும். பழைய 'தலவர' என்பதன் குறில் நெடிலானதை, இத்தகைய தொழிற்பெயர்களின் ஒப்புமையால் நேர்ந்ததாகக் கொள்ளலாம்.

தெலுங்கிலும் பிராகிருத வடிவிலும் இல்லாத யகரம் தமிழில் எவ்வாறு வந்தது என்பதே எஞ்சும் வினா. தெலுங்குத் 'தல' தமிழில் 'தலை' என்பதை இருமொழியும் வழங்கும் பகுதியினர் நன்கு அறிவர். 'தலாரி'யைக் கேட்ட தமிழர் அதன் முதற்கூற்றைத் தம் 'தலை'யாக இனங்கண்டனர். ஐகார ஈற்றின்முன் ஆகாரம் வர, யகர உடம்படுமெய் தோன்றித் 'தலையாரி' ஆயிற்று. ஆகவே இன்றைய வடிவிலுள்ள யகரம், இச்சொல் தமிழில் பிறந்ததன் அடையாளம் அன்று. தமிழுக்கு வந்து தமிழாக்கப்பட்டதன் தடமே ஆகும்.

பொருள் இறக்கமும் காங்கேயத்தின் பதவிப்பெயர்களும்

மன்னனின் மைத்துனர் தாங்கிய பட்டம் ஊர்ப்பணியாளரின் பெயராக இறங்கியது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. படைத்தலைமையோடு சேர்ந்த நகர்க்காவல், வழிவழி நகர்க்காவல் பதவி, ஊர்க்காவல் பணி என்னும் படிகள் மேற்கண்ட சான்றுகளில் தெரிகின்றன. சென்னைப் பட்டினத்தில் இறுதிப் படி முற்றுப்பெற்றிருந்தது. செயின்ட் சார்ச் கோட்டையின் 1680, 1693ஆம் ஆண்டு ஆவணங்களில் தலையாரிகள் ஏவலரோடு ஒருங்கே குறிக்கப்படுகின்றனர். ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஆப்சன்-சாப்சன் (1886) அவற்றை எடுத்துக்காட்டுகிறது. அந்நகரின் காவற்பொறுப்பு 'பெத்தநாயக்கன்' எனப்பட்ட வழிவழிக் காவல்தலைவரிடம் இருந்தது. பெத்தநாயக்கன்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அப்பதவியின் நினைவாகும். தலைமை பெத்தநாயக்கனுக்கு உரியதாக, 'தலை'யைப் பெயரில் கொண்ட தலையாரி அவருக்குக் கீழ்ப்பட்டவராக இருந்தார். சொல்லின் முதற்கூறு பதவியின் தகுதிக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

காங்கேயம் பகுதி இவ்வகையில் சிறப்பாக நோக்கத்தக்கது. கொங்கின் 24 நாடுகளுள் ஒன்றான காங்கேய நாடு, விசயநகர ஆட்சிக்கும் மதுரை நாயக்கர் ஆட்சிக்கும் பின்னர் மைசூர் ஆட்சிக்கும் உட்பட்டு, 1799இல் ஆங்கிலேயர் வசமானது. கன்னட, தெலுங்கு ஆட்சிச்சொற்கள் புகுவதற்குரிய சூழல் இங்கு நெடுங்காலம் நிலவியது. இப்பகுதியின் உயர்ந்த மரபுப் பதவிப்பெயர் 'பட்டக்காரர்' என்பதாகும். காங்கேயம் காளை இனத்தைப் பேணி வளர்த்த பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இதற்கு நன்கறியப்பட்ட சான்று.

சமண உரையாசிரியர்கள் தலவரனுக்குக் கூறிய இலக்கணம் அரசனிடம் பட்டம் பெற்றவன் என்பது. அப்'பட்டம்' காங்கேயத்தில் ஒருவரின் பெயராயிற்று. 'தலவர' என்னும் சொல்லோ வேறொருவரின் பெயராயிற்று. ஒரு காலத்தில் ஒருவரிடமே சேர்ந்திருந்த பெயரும் சிறப்பும் ஊர் அமைப்பின் இரு முனைகளில் பிரிந்து நிற்கின்றன. மேலும், 'பட்டக்காரர்', 'காவல்காரர்' ஆகிய இரண்டும் 'காரர்' என்னும் ஒரே ஈற்றைக் கொண்டவை, மதிப்போ வேறு. எனவே உயர்வும் தாழ்வும் சொல்லுறுப்பில் இல்லை. நிலவுரிமை யாரிடம் இருந்தது, காவலுக்குரிய பங்கை யார் தண்டினார், யார் பெற்றுக்கொண்டார் என்பவற்றிலேயே அவை உள்ளன. பாடிகாவல் உரிமை பெற்ற தலைவர் விளைச்சலில் பங்கை உரிமையாகத் தண்டினார். தலையாரி களத்துமேட்டில் அளக்கப்படும் மேரையையும் சிறு மானியத்தையும் ஊதியமாகப் பெற்றார்.

இவ்வட்டாரத்தின் நிலவமைப்பும் இதனோடு தொடர்புடையது. கொறங்காடு எனப்படும் மானாவாரி மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை உயிர்வேலி அமைப்பது இங்குள்ள வழக்கம். மேய்ப்பவர் உடன் நில்லாமலே கால்நடைகள் அடைபட்ட நிலத்துள் மேயும். நிலத்துக்குரியவர் தம் உடைமையை வேலியால் காத்துக்கொள்ளும் இத்தகைய ஊரில், தனியுடைமைக் காவலினும் களம், வழி, ஊரின் பொதுவிடம் ஆகியவற்றின் காவலும் அதிகாரியின் ஆணையைக் கொண்டுசெல்லுதலுமே பொதுக்காவலருக்கு உரியனவாகும். தலையாரியும் அதிகாரியும் ஒன்றுபட்டால் களவுக்குத் தடையில்லை என்னும் கருத்துடைய பழமொழி, இவ்விருவரையும் ஊர்மக்கள் இணைத்தே கண்டதைக் காட்டும்.

சட்டமும் பெயர்மாற்றமும்

சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், கிராமத் தலைவரின் கீழ் ஊர்க்காவலரை வைத்துக் காவல்முறையை அமைத்தது. 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் தனிக் காவல்துறையை உருவாக்கியது. அதன்பின் களவு, கலகம் ஆகியவற்றைப் பற்றிய முதன்மைப் பொறுப்பு அத்துறைக்கு மாறியது. தலையாரி வருவாய் ஆட்சியின் ஊர்ப்பணியாளராகத் தொடர்ந்தார். 1895ஆம் ஆண்டின் மரபுவழிக் கிராமப் பதவிகள் சட்டம் இத்தகைய பதவிகளின் பரம்பரை உரிமையை வரையறுத்தது. பிறப்பின் அடிப்படையில் கிராமப் பதவி அளிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என உச்சநீதிமன்றம் 1960இல் கசுல தசரத ராமராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அப்பழைய சட்டம் 1968இல் நீக்கப்பட்டது.

1980 நவம்பரில் கிராம முன்சீப், கர்ணம் ஆகிய பகுதிநேரப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அச்சட்டம் மூன்று பணிகளை ஒழிப்பிலிருந்து விலக்கியது. அவை கிராமக் காவலர், கிராமப் பணியாளர், பாசனக் காவலர் என்பன. முறையே தலையாரி, வெட்டியான், நீர்க்கண்டி ஆகியோருக்கு அரசு வைத்த பெயர்கள் இவை. ஊர்க்காவலுக்குத் தமிழின் பழைய 'கா' அடி பல நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆட்சிச்சொல்லாயிற்று. ஆயினும் அது நிலைக்கவில்லை. பின்னர் இப்பணியாளர் அனைவரும் 'கிராம உதவியாளர்' என்னும் பொதுப்பெயரில் அடங்கினர். சாதியோடு பிணைந்த பெயர்கள் ஆவணங்களிலிருந்து நீங்கியது இதன் பயன். காவல் என்னும் பொருள் பதவிப்பெயரிலிருந்து நீங்கியதும் இம்மாற்றத்தோடுதான். இன்று 'காவலர்' என்றால் காவல்துறையினர். 'வாட்ச்மேன்' என்றால் கூலிக்குக் காப்பவர். 'தலையாரி' என்றால் கிராம அலுவலகத்தில் பணிபுரிபவர்.

முடிவுரை

தலையாரி என்னும் சொல்லின் முதற்கூறு திராவிடத் 'தலை'யாக இருத்தலே பொருத்தமானது. எனினும் முழுச்சொல் 'தலவர' என்னும் பட்டமாகப் பிராகிருத ஆவணங்களில் வழங்கி, 'தலார', 'தலாரி' என உருமாறி, விசயநகர ஆட்சிக்காலத்தில் தமிழ் வரிப்பெயருள் இடம்பெற்று, தமிழரால் மீண்டும் 'தலை'யோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன் ஊர்க்காவல் தமிழில் 'கா' அடிச் சொற்களாலேயே குறிக்கப்பட்டது.

சொல்லின் உயர்ந்த தோற்றத்தைக் கொண்டு ஊர்த்தலையாரியின் முன்னோர் ஆட்சியாளர் எனக் கூறுதற்கும், அப்பணியாளரின் இன்றைய நிலையைக் கொண்டு அச்சொல்லைத் தாழ்வாகக் கருதுதற்கும் இவ்வரலாறு இடந்தரவில்லை. சொல் ஒருவழியே பயணம் செய்தது. அதைத் தாங்கிய மக்கள் வேறுவழியே வந்தவர்கள். காங்கேயம் போன்ற வட்டாரங்களில் பட்டக்காரர், மன்றாடியார், தோட்டி, நீர்க்கண்டி முதலிய பதவிப்பெயர்களையும் இம்முறையில் தனித்தனியே ஆராய்ந்தால், கொங்கு நாட்டு ஊராட்சி அமைப்பில் தமிழ் மரபும் பிறமொழி ஆட்சிச்சொற்களும் கலந்த முறை மேலும் தெளிவுறும்.